சாட்சி சொன்னேன், அம்மா பிழைக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. சிறுவயதிலிருந்தே சபையில் வளர்ந்தவன். சென்ற வருடம் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரியவந்தது. சபையாக உபவாசித்து ஜெபித்தோம். ஒரு இரவு ஜெபத்தில் என் உள்ளத்தில் பெரிய சமாதானம் இறங்கியது. ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று நம்பி, அடுத்த ஞாயிறு எல்லார் முன்பும் எழுந்து நின்று, “என் அம்மா சுகமாகிவிட்டார்கள்” என்று சாட்சி சொன்னேன். ஐந்து வாரத்தில் அம்மாவின் அடக்க ஆராதனை. அடுத்த மாதம் என் வேலையும் போனது. இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் கிளம்பிவிடுகிறேன். “விசுவாசம் குறைந்திருக்கும், இல்லையென்றால் மறைவான பாவம் ஏதாவது இருக்கும்” என்று ஒருவர் என் மனைவியிடமே சொன்னார். “உங்கள்பேரில் எனக்கு இருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல” என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ஐ மனைவி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. “பாட்டிக்காக அவ்வளவு ஜெபிச்சோமே, ஏன்ப்பா?” என்று 14 வயது மகள் கேட்கிறாள். நான் விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கிப் போய்விட்டேனா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரிசையில்தான் என் கண் நின்றது. அதை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. தாயைப் பறிகொடுத்து, வேலையும் போய், ஊர் முன்னால் தலை குனிந்த ஒரு மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்து, யாரிடமும் பேசப் பிடிக்காமல், பாட்டும் வாயில் வராமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பின்வாங்கிப்போனவர்கள் இப்படி வருவதில்லை. அவர்களுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். மனது உறுத்துவதில்லை, இப்படிக் கடிதமும் எழுதுவதில்லை.

அம்மா இறந்தது உங்கள் விசுவாசக் குறைவாலா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இல்லை. இதில் நான் சுற்றிவளைத்துப் பேசப்போவதில்லை.

சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனேயை நினைத்துப் பாருங்கள். இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று இயேசு கேட்டார். ஒருதரம் கேட்டு விட்டுவிடவில்லை. மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல உங்கள் சபையில் யாருக்காவது துணிச்சல் உண்டா? பவுலும் தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில், “என் கிருபை உனக்குப்போதும்.” முள் இருந்த இடத்திலேயே இருந்தது. இதே பவுலின் சரீரத்திலிருந்து உறுமால்களை (கைக்குட்டைகளை)க் கொண்டுபோய் வியாதிக்காரர்மேல் போட்டபோது அவர்கள் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் 19ல் வாசிக்கிறோம். ஆனால் அவர் கடைசிக் காலத்தில் எழுதிய 2 தீமோத்தேயு நிருபத்தின் முடிவில், பிரசங்கத்தில் யாரும் தொடாத ஒரு வரி இருக்கிறது: தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். அவ்வளவுதான். அந்த ஆளுக்கு விசுவாசம் இல்லை என்றோ, அவனிடம் பாவம் இருந்தது என்றோ ஒரு சொல் இல்லை. கூட்டிவர முடியவில்லை, விட்டுவந்தேன்.

இன்னொன்று. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைத் திறந்தால், இரண்டாம் வசனத்தில் அப்போஸ்தலன் யாக்கோபு பட்டயத்தால் கொலைசெய்யப்படுகிறார். அதே அதிகாரத்திலேயே பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுந்து, சிறைக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே ஆண்டவர். பேதுருவுக்காகச் சபை ஜெபித்தது என்று எழுதியிருக்கிறது. யாக்கோபுக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? ஏன் இவர் பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை என்று, இதை எழுதிய லூக்கா விளக்கவே இல்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். லூக்கா சொல்லாமல் விட்டதைச் சொல்ல உங்கள் மனைவியிடம் பேசிய அந்த நபருக்கு எந்த அதிகாரமும் இல்லை. மறைவான பாவம் என்ற பேச்சு வந்தால் யோவான் 9ஐக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவரே வாயடைத்திருக்கிறார்.

“அப்படியானால் எனக்கு வந்த அந்தச் சமாதானம் பொய்யா?” என்று கேட்பீர்கள். நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும், கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் ஓடுகிறது. இதற்குப் பதில் சொல்ல என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு விருப்பமில்லாத கதை.

ஊழியத்துக்கு வந்த புதிது. சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது வயதுப் பையனுக்காக ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். அந்தக் கட்டிலருகே முழங்காலில் நின்றபோது எனக்கும் நீங்கள் சொல்லும் சமாதானம் வந்தது. எழுந்து, பையனின் அப்பாவின் தோளில் கை வைத்து, “பிள்ளை பிழைப்பான், கர்த்தர் எனக்குச் சொல்லிவிட்டார்” என்றேன். டைரியில் ஒரு தாளைக் கிழித்து ஒரு வசனமும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் பையன் போய்விட்டான். அடக்கம் முடிந்த மறுவாரம் அந்த அப்பா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்தார். வேர்வையில் மை பரவி, பாதி எழுத்து அழிந்திருந்தது. அத்தனை நாளும் அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். மேசைமேல் வைத்துவிட்டு, “ஐயா, இது உங்களுது” என்றார். திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அந்தத் தாள் இன்றும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கற்றது இதுதான்: கட்டிலருகே வந்த சமாதானம் ஆண்டவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்கு “பிழைப்பான்” என்று பொருள் எழுதியது நான். அவர் “நான் இங்கே இருக்கிறேன்” என்றார்; நான் அதை “நீ கேட்டது நடக்கும்” என்று மொழிபெயர்த்துவிட்டேன். ஆசை அவ்வளவு பலமாக இருக்கும்போது இந்தத் தப்பு யாருக்கும் வரும். நான் அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் செய்தேன். நீங்கள் பெற்ற தாய் விஷயத்தில் செய்தீர்கள். உங்களைவிட எனக்குத்தான் மன்னிப்பு அதிகம் தேவைப்பட்டது.

விசுவாசம் என்றால் நடக்கப்போவதை முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்வது என்று நமக்கு எப்படியோ பதிந்துவிட்டது. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுவதும் ஒரு காரணம். சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தார்கள், பெண்கள் மரித்தவர்களை உயிரோடெழுந்திருக்கப் பெற்றார்கள் என்று குரல் உயர்த்தி வாசிப்போம். 35ஆம் வசனத்தின் நடுவில் பேச்சு திரும்புகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். இவர்கள் வேறு பட்டியலில் இல்லை. தப்பினவர்கள், தப்பாதவர்கள் எல்லாரையும் சேர்த்தே 39ஆம் வசனம், விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்கிறது.

ஃப்ரிட்ஜ் கதவுக்கு வருவோம். அந்த வசனத்தைப் பார்த்து உங்களுக்குக் கோபம் வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் கோபம் வசனத்தின்மேல் இருக்க வேண்டியதில்லை. அதைத் தனியாகப் பிய்த்து ஒட்டும் நம் பழக்கத்தின்மேல் இருக்கட்டும். எரேமியா 29 ஒரு கடிதம். ஊரையும் ஆலயத்தையும் விட்டுப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்து, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்கள் முன்னால் சொல்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியா எழுதியது 70 வருஷம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், ஏனென்றால் இப்போதைக்குத் திரும்பப் போவதில்லை. அந்த 70க்கு அடுத்த வசனம்தான் உங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமல் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களைக் குறித்தும் கர்த்தர், உங்கள்பேரில் எனக்கு இருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல என்றார். அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள். மனைவியிடம் பேசி, 4ஆம் வசனத்திலிருந்து 14 வரை முழுவதையும் இருவரும் சேர்ந்து ஒரு நாள் வாசியுங்கள். அவர்களும் மாமியாரை இழந்தவர்கள்தான். அந்தச் சீட்டு ஒருவேளை உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அவர்கள் ஒட்டியதாக இருக்கும்.

இப்போது, ஜெபிக்க வார்த்தை வராதது. இதில்தான் நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபைப் பற்றி, “யோபின் பொறுமை” என்று யாக்கோபு நிருபம் 5:11 சொல்கிறது. பொறுமை என்றதும் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொள்ளும் ஒருவர் நம் கண்முன் வருகிறார். ஆனால் யோபு புஸ்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த மனுஷன் வாய் ஓயவே இல்லை. பிறந்த நாளைச் சபித்தார், தேவனை வழக்குக்கு இழுத்தார். மூலத்தில் அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் ‘ஹுப்பொமொனே’. ‘கீழே’ என்பதும் ‘தங்கியிருத்தல்’ என்பதும் சேர்ந்த சொல். பாரத்தின் கீழிருந்து ஓடிப்போகாமல் இருப்பது. கத்திக்கொண்டே இருக்கலாம், ஓடாமல் இருந்தால் போதும். யோபின் சிநேகிதர்கள் தேவனுக்காக வாதாடினார்கள், அழகழகாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

ஆகவே உங்கள் கோபத்தை ஆண்டவரைப்பற்றி மற்றவர்களிடம் சொல்லாமல், ஆண்டவரிடமே சொல்லுங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தரம் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் கூரையைப் பார்க்காமல் எழுந்து உட்கார்ந்து, அந்த இரண்டு வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். முழுவதும் வேண்டாம். கடைசி வசனத்தில் அவர் பாடுகிறார். உங்களுக்குப் பாட வராது, வராத இடத்துக்குப் போக வேண்டாம். அதுவும் முடியாத நாளில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது. துதியில்லாமல், விடிவில்லாமல் இருட்டோடேயே முடிகிற சங்கீதம். அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007ல் வெளிவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். தேவன் இல்லாததுபோன்ற இருட்டை ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் சுமந்திருக்கிறார், வேலையையும் ஜெபத்தையும் விடாமலே. உணர்வு வருவதும் போவதும் நம் கையில் இல்லை.

இதோடு உடம்பையும் பார்க்க வேண்டும். சூரைச்செடியின்கீழ் படுத்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். பேச்செல்லாம் 40 நாள் கழித்து ஓரேப் மலையில்தான். அங்கேயும் இரண்டு தரம் கேள்வி கேட்டபோது எலியா ஒரே புலம்பலை வரிக்கு வரி திருப்பிச் சொல்கிறார். ‘இதைத்தான் ஏற்கெனவே சொன்னாயே’ என்று கர்த்தர் அலுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு எத்தனை மாதமாகத் தூக்கம் இல்லை? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர்கள் மூக்கில் இருக்கும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஒன்றை நேரடியாகவே கேட்கிறேன்: செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே மனைவியிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மகளுக்கு என்ன சொல்வது? 14 வயதுப் பிள்ளைக்கு மழுப்பல் உடனே தெரிந்துவிடும். “பாட்டியைப் பரலோகத்துக்குத் தேவை என்று எடுத்துக்கொண்டார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பாட்டியைப் பிடுங்கிக்கொண்ட ஒருவரை அவள் எப்படி நேசிப்பாள்? “எனக்கும் தெரியலம்மா. நானும் அதைத்தான் அவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன்” என்று சொல்லுங்கள். அப்பா கேட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்புகிறார் என்பதை அவள் பார்க்கிறாள் இல்லையா, அதற்குமேல் விளக்கம் அவளுக்கு இப்போது தேவையில்லை. கேட்டால், இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்பதைச் சொல்லலாம். லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்று ஒரே குறையைச் சொன்னார்கள். இரண்டு பேரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

அந்தச் சாட்சியை என்ன செய்வது என்பது பாக்கி. உங்களை ஆலயத்தின் கடைசி வரிசைக்குத் தள்ளியது துக்கம் பாதி, அது பாதி என்று நினைக்கிறேன். முதலில் போதகரைத் தனியாகப் பார்த்து, “அன்றைக்கு நான் என் ஆசையை ஆண்டவர் வாக்காகச் சொல்லிவிட்டேன், அது என் நெஞ்சில் கிடக்கிறது” என்று சொல்லுங்கள். நல்ல போதகராக இருந்தால், உங்களை எழுப்பிவிட்டுக் கைதட்டின சபைக்கும் இதில் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சுகமான சாட்சிக்கு மட்டும் மைக் கொடுக்கும் சபைகளில் உங்களைப்போன்றவர்கள் கடைசி வரிசையில் எத்தனை பேர் என்று அவர் எண்ணிப்பார்க்கட்டும். என்றைக்காவது உங்களுக்கே தோன்றினால், எல்லார் முன்பும் எழுந்து நின்று இரண்டே வரி சொல்லலாம்: அம்மா சுகமாகவில்லை, நான் இன்னும் இங்கே இருக்கிறேன். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குக் கெடு கிடையாது.

வேலை தேடும் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். “இந்த வேலை கிடைத்தால்தான் ஆண்டவர் என்னோடு இருக்கிறார்” என்று மனதுக்குள் பந்தயம் கட்டாதீர்கள். கிடைக்கும்படி கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள், விண்ணப்பமும் போடுங்கள். பந்தயம் மட்டும் வேண்டாம்.

இந்த ஞாயிறு அதே கடைசி வரிசையிலேயே உட்காருங்கள். முன்னால் வரச் சொல்லி யாராவது கையைப் பிடித்தால் மறுத்துவிடுங்கள். முடிந்தால் ஆசீர்வாதம் கூறும்வரை மட்டும் இருந்து பாருங்கள். ‘ஆமென்’ மற்றவர்கள் சொல்வார்கள், நீங்கள் சும்மா நின்றால் போதும்.

அடுத்த மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எவ்வளவு நேரம் ஜெபித்தீர்கள் என்று எழுத வேண்டாம். மருத்துவரைப் பார்த்தீர்களா, ராத்திரி தூக்கம் வந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.